ஃபிடெலிட்டி என்றால் விசுவாசமா?

கேள்வி: தி.நகரில் ஒரு கடன் கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பணம் கையாளுகிற ஊழியர்கள் எல்லோரையும் சேர்த்து ‘ஃபிடெலிட்டி கேரண்டி’ பாலிசி எடுத்திருப்பதாக மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வசூலுக்குப் போகிற பையன்களுக்கும் புரிகிற மாதிரி தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்கள். அகராதியைப் பார்த்தேன். விசுவாசம், பற்றுறுதி, கற்பு என்று வரிசையாக இருந்தது. ‘ஊழியர்கள் அனைவருக்கும் விசுவாச உத்தரவாதக் காப்பீடு எடுக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி ஒட்டினேன். இளசுகள் சிரித்தார்கள். இருபது வருடமாகக் கேஷ் பார்க்கிற அண்ணன் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ‘ஏம்மா, என் விசுவாசத்துக்கு இப்ப கேரண்டி கேக்குறாங்களா?’ என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கே நோட்டீஸை எடுத்துவிட்டேன். ஃபிடெலிட்டி, லாயல்டி இரண்டும் ஒன்றுதானா? எதை எங்கே சொல்வது? தமிழில் நான் என்ன எழுதியிருக்க வேண்டும்?

பின்குறிப்பு: வேறு வேலைக்கு விண்ணப்பம் தயார் செய்கிறேன். என் குணங்களில் ஒன்றாக ‘ஃபிடெலிட்டி’ என்று போடலாமா?

— வாசகி, கொளத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

அந்த அண்ணனுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. நீங்கள் எழுதிய வார்த்தையை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். அகராதிதான் உங்களைக் கைவிட்டுவிட்டது.

விசுவாசம் வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு நம்பிக்கை என்று பொருள். இந்திக்காரர்கள் இன்றைக்கும் ‘உன்மேல் விஸ்வாஸ் இருக்கிறது’ என்றால் உன்னை நம்புகிறேன் என்றுதான் அர்த்தம். தமிழுக்கு வந்ததும் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. சர்ச்சில் விசுவாசம் என்றால் இறைநம்பிக்கை. சர்ச்சுக்கு வெளியே வந்தால் அது கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் காட்டுவது. நாய்க்கு எஜமான்மேல் விசுவாசம், தொண்டருக்குத் தலைவர்மேல் விசுவாசம், வெள்ளைக்காரன் காலத்தில் ராஜவிசுவாசம். எங்கேயாவது ‘முதலாளி வேலைக்காரரிடம் விசுவாசமாக இருந்தார்’ என்று படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை. செஞ்சோற்றுக் கடனும் உப்பிட்டவரை நினைப்பதும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கின்றன. இருபது வருடம் கேஷ் பார்த்தவரிடம் போய், நீ தின்ற உப்புக்கு ஜாமீன் கொடு என்று கேட்டால் அவர் வேறு என்ன செய்வார்?

ஆனால் அந்த பாலிசி அவரிடம் அப்படி எதையும் கேட்கவில்லை. அதை முதலில் பார்த்துவிடுவோம், சொல் பின்னாலேயே வந்துவிடும்.

ஃபிடெலிட்டி கேரண்டி என்பது முதலாளி தனக்காக எடுத்துக்கொள்கிற காப்பீடு. பணத்தையோ பொருளையோ கையாளுகிற ஊழியர் நேர்மை தவறி, கையாடல் செய்தோ பொய்க் கணக்கு எழுதியோ நிறுவனத்துக்கு நட்டம் வந்தால், காப்பீட்டு நிறுவனம் அந்த நட்டத்தை முதலாளிக்குக் கட்டும். கட்டிவிட்டுச் சும்மா இருக்காது. அந்தத் தொகையை அந்த ஊழியரிடமிருந்து வசூலிக்கிற உரிமை அதன் கைக்கு வந்துவிடும். வசூல் பையன்கள் பலர் இதை ‘நமக்கு எடுத்த இன்சூரன்ஸ்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களை வைத்து எடுத்த இன்சூரன்ஸ், அவ்வளவுதான். ‘ஊழியர்கள் அனைவருக்கும்’ என்று நீங்கள் எழுதியதும் அந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கும்.

இன்னொரு எல்லையும் உண்டு. நோட்டு எண்ணும்போது ஐந்நூறு ரூபாய் தவறிப்போனால் அது இதில் வராது. கெட்ட எண்ணம் இருக்க வேண்டும். வசூல் முடித்து வரும் வழியில் கோடம்பாக்கம் பாலத்தில் எவனாவது பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் அதுவும் இதில் வராது. அதற்கு வேறு பாலிசி, கொண்டுபோகிற பணத்துக்கான காப்பீடு. திருட்டு வெளியிலிருந்து வந்தால் ஒன்று, உள்ளேயிருந்து வந்தால் இன்னொன்று. உள்ளேயிருந்து வருவதற்குத்தான் ஃபிடெலிட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் கேஷியர் வேலையில் சேர வேண்டுமென்றால் கையில் ஒரு தொகை கட்ட வேண்டும், அல்லது சொத்துள்ள மாமா யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிக் கட்ட வழியில்லாமல் நல்ல வேலையை விட்ட குடும்பங்கள் உண்டு. அந்த ஜாமீனின் இடத்துக்கு வந்ததுதான் இந்தக் காப்பீடு. அந்த மாமாவின் வேலையை இப்போது இன்சூரன்ஸ்காரர் செய்கிறார். உங்கள் கேஷியர் அண்ணனிடம் இதை இந்த வார்த்தையிலேயே சொல்லிப் பாருங்கள், பாதிக் கோபம் இறங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தீ விபத்துக் காப்பீடு என்கிறோம், திருட்டுக் காப்பீடு என்கிறோம். வரப்போகிற கெடுதலைச் சொல்லிப் பெயர் வைப்பதுதான் வழக்கம். ஆயுள் காப்பீடு ஒரு விதிவிலக்கு. பணம் வருவது ஆள் போன பிறகு, பெயரோ ஆயுள். மங்கலமாக இருக்கட்டும் என்று வைத்த பெயர். ஃபிடெலிட்டி கேரண்டியும் அந்த ஜாதிதான். நேர்மை போன பிறகு பணம் தருகிற பாலிசிக்கு நேர்மையின் பெயர். ஆங்கிலத்தில் இந்த மங்கல வழக்கு காதில் உறுத்தவில்லை, ஏனென்றால் ஃபிடெலிட்டி அங்கே தெருவில் புழங்குகிற சொல் கிடையாது. கோட்டு சூட்டு போட்ட சொல். நீங்கள் அதன் கோட்டைக் கழற்றிவிட்டு, வீட்டில் நாயைப் பற்றிச் சொல்கிற சொல்லை அதற்கு மாட்டிவிட்டீர்கள்.

சரி, அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது?

லத்தீனில் ஃபிதேஸ் என்று ஒரு சொல். நம்பிக்கை, கொடுத்த வாக்கு, அந்த வாக்கைக் காப்பது, மூன்றும் அதில் அடக்கம். அதிலிருந்து ஃபிதேலிஸ், அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஃபிடெலிட்டி. இந்தக் குடும்பம் உங்களுக்கு அந்நியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பஸ் பாஸுக்காக ‘போனஃபைடு சர்டிபிகேட்’ வாங்க அலைந்திருப்பீர்கள். போனா ஃபிதே, ‘நல்லெண்ணத்தோடு’. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, பாரிமுனைச் சந்துகளில் டைப் அடித்து நோட்டரி முத்திரை குத்தித் தருகிற அஃபிடவிட்டும் இதே வீட்டுப் பிள்ளை. லத்தீனில் அது ஒரு முழு வினைமுற்று: ‘சத்தியம் செய்து சொன்னான்’. கான்ஃபிடென்ஸ் இதிலிருந்து வந்தது, அதற்கு நாம் வைத்த தன்னம்பிக்கையிலும் நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. நிச்சயதார்த்தப் படத்தின்கீழ் இப்போதெல்லாம் ‘மை ஃபியான்சே’ என்று போடுகிறார்களே, வாக்குக் கொடுக்கப்பட்டவர் என்பதுதான் அதன் பொருள். நம் பெரியவர்கள் ‘வாக்குக் கொடுத்தாச்சு’ என்பதும் அதைத்தான்.

இந்தக் குடும்பத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது, எல்லாவற்றிலும் வாக்கு இருக்கிறது, எஜமான் இல்லை. எஜமான் வேண்டுமென்றால் அதற்கு ஆங்கிலத்தில் ஃபீல்டி என்று இன்னொரு சொல் உண்டு. அதே லத்தீன் மூலத்திலிருந்து வேறு வழியாக வந்த இரட்டைப் பிறவி. குறுநில மன்னன் பேரரசனிடம் மண்டியிட்டுச் செய்கிற சத்தியம் அது. நம் செஞ்சோற்றுக் கடனுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

லாயல்டி வேறு வீட்டுப் பிள்ளை. அதன் மூலம் லத்தீனின் லெகாலிஸ், ‘சட்டத்துக்கு உட்பட்ட’. லீகல் என்ற சொல்லின் உடன்பிறப்பு. பாருங்கள், சட்டத்தில் பிறந்த லாயல்டி இன்றைக்கு மனசு சார்ந்த சொல்லாகிவிட்டது. நம்பிக்கையில் பிறந்த ஃபிடெலிட்டி பத்திரங்களிலும் பாலிசிகளிலும் போய் உட்கார்ந்துவிட்டது. லாயல்டி பெரும்பாலும் ஓர் ஆளிடம், கட்சியிடம், கம்பெனியிடம், கிரிக்கெட் டீமிடம் இருப்பது. அணி தோற்றாலும் மஞ்சள் சட்டையைக் கழற்றாமல் இருப்பது லாயல்டி. ஃபிடெலிட்டி ஓர் அளவுகோலிடம் இருப்பது: கொடுத்த வாக்கு, ஏற்றுக்கொண்ட கடமை, முன்னால் இருக்கிற அசல். அந்த அளவிலிருந்து எவ்வளவு விலகாமல் இருக்கிறோம் என்பதுதான் கேள்வி. அதனால்தான் மனசே இல்லாத பொருளுக்குக்கூட ஃபிடெலிட்டி இருக்க முடியும். லாயல்டி அப்படி இருக்க முடியாது.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஆடியோ கடைக்காரர் ஒருவர். நான் மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிது, தொண்ணூறுகளின் தொடக்கம். மவுண்ட் ரோடில் ஒரு கடைக்கு ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் தமிழில் துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ‘ஹை ஃபிடெலிட்டி சவுண்ட்’ என்று இருந்ததை ‘உயர் விசுவாச ஒலி’ என்று எழுதிக்கொண்டு போனேன். ஆமாம், நீங்கள் செய்த அதே தப்பு, முப்பது வருடத்துக்கு முன்னால். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். ‘சார், ஆம்ப்ளிஃபையர் எனக்கு விசுவாசமா இருக்குமா, வாங்கிட்டுப் போறவனுக்கா?’ என்றார்.

பிறகு ஒரு வீணை கேசட்டை எடுத்து, முதலில் மேஜைமேல் இருந்த சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. அதையே உள்ளறையில் இருந்த பெரிய செட்டில் போட்டார். ‘நல்லா கேளுங்க. விரல் தந்தி மேல வழுக்கும்போது ஒரு சின்ன கீச்சு சத்தம் வருதா? மெட்டு மேல நகம் படுற சத்தம்? அந்தம்மா வாசிக்கும்போது அது இருந்துச்சு. சின்ன பெட்டி அத முழுங்கிடும். இது முழுங்காது. அதான் சார் ஃபிடெலிட்டி.’ அந்தக் கீச்சு சத்தம் இனிமையான சத்தம் இல்லை. இல்லாமல் இருந்தால் காதுக்கு இன்னும் இதமாகக்கூட இருந்திருக்கும். இருந்ததால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரசுரத்தில் கடைசியில் ‘உள்ளது உள்ளபடி கேட்கும் ஒலி’ என்று மாற்றி எழுதினேன். கடைக்காரர் தலையாட்டினார். பணம் மட்டும் பேசியதில் பாதிதான் கொடுத்தார், அது வேறு கதை.

ஹை ஃபிடெலிட்டி சுருங்கி ஹைஃபை ஆனது. சென்னைத் தமிழில் அந்த ஹைஃபை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்: ‘அவங்க ரொம்ப ஹைஃபை, நம்ம வீட்டுல சாப்பிட மாட்டாங்க.’ ஒலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு காலத்தில் அப்படிப்பட்ட செட்டு வைத்திருந்த வீடு பணக்கார வீடாக இருந்திருக்கும், பெட்டியின் பெயர் வீட்டுக்காரர்மேல் ஏறியிருக்கும் என்பது என் ஊகம். அசலுக்கு நெருக்கம் என்ற சொல் நம் ஊரில் பந்தாவுக்குப் பெயராகிவிட்டது. வைஃபை அதைவிடத் தமாஷ். ‘வயர்லெஸ் ஃபிடெலிட்டி’யின் சுருக்கம் என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. 1999இல் ஒரு பிராண்ட் பெயர் நிறுவனத்தை வைத்து, ஹைஃபையின் ஓசை வருகிற மாதிரி சூட்டிய பெயர் அது. பெயர் வைத்த பிறகு கொஞ்ச காலம் ‘வயர்லெஸ் ஃபிடெலிட்டி’ என்ற வாசகத்தையும் விளம்பரத்தில் ஒட்டிக்கொண்டார்கள், குழப்பம் அங்கே ஆரம்பித்தது. அதில் ஃபிடெலிட்டிக்கு ஒரு பொருளும் கிடையாது.

ஓஎம்ஆர் பக்கம் ஐடியில் இருக்கிற உங்கள் தோழிகளைக் கேட்டால் ‘லோ ஃபிடெலிட்டி’, ‘ஹை ஃபிடெலிட்டி’ மாதிரிகள் பற்றிச் சொல்வார்கள். ஒரு செயலியின் திரையைப் பென்சிலால் கட்டம் போட்டுக் காட்டினால் லோ. நிறம், எழுத்து, பட்டன் எல்லாம் நிஜத் திரை போலவே செய்து காட்டினால் ஹை. இங்கேயும் அதே அளவுகோல்தான்.

என் தொழிலுக்கும் இந்தச் சொல்தான் எஜமான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். மொழிபெயர்ப்பில் ஃபிடெலிட்டி என்றால் சொல்லுக்குச் சொல் வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு வழக்கில் தமிழ் வாக்குமூலத்தை ஆங்கிலமாக்க வேண்டியிருந்தது. சாட்சி சொன்னது: ‘அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.’ சொல்லுக்குச் சொல் போட்டால் ‘ஒரு மாடலாகப் பார்த்தான்’ என்று வரும், ஆங்கிலக்காரர் தலையைச் சொறிவார். ‘கெட்ட எண்ணத்தோடு பார்த்தான்’ என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை. கெட்ட எண்ணமா இல்லையா என்பதை நீதிபதி முடிவு செய்ய வேண்டும், நான் முடிவு செய்யக் கூடாது. கடைசியில் ‘இயல்பாக இல்லாத விதத்தில்’ என்கிற பொருள் வரும்படி எழுதினேன். அவர் மங்கலாகச் சொன்னதை மங்கலாகவே கொண்டுபோனேன். ஆடியோ கடைக்காரரின் கீச்சு சத்தம்தான் இதுவும்.

பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில், அழகாக ஓடுகிற ஆனால் மூலத்தை விட்டு விலகுகிற மொழிபெயர்ப்புகளை ‘வாக்குத் தவறிய அழகிகள்’ என்று கிண்டல் செய்தார்கள். கிண்டலின் பாரம் பெண் தலையில் விழுந்ததைப் பாருங்கள். தமிழில் இப்போது ‘மூலத்துக்கு விசுவாசமான மொழிபெயர்ப்பு’ என்று மதிப்புரைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை. ‘மூலம் வழுவாத’, ‘அசல் பிசகாத’ என்று சொல்ல நமக்கு இருக்கும்போது எதற்கு?

பெண்கள் தலை என்றதும் அகராதி சொன்ன மூன்றாவது பொருளுக்கு வருவோம். கணவன் மனைவிக்கு இடையில் ஃபிடெலிட்டி என்றால் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கை மீறாமல் இருப்பது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. கற்பு என்று எழுதினீர்களோ, பாரம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தொல்காப்பியத்தில் கற்பியல் என்பது மணவாழ்க்கையைப் பேசுகிற இயல். பிற்காலத்தில்தான் அந்தச் சொல்லை மனைவி தலையில் மட்டும் ஏற்றிவிட்டோம். இன்றைய காதுக்குக் கற்பு என்றால் பெண்தான் நினைவுக்கு வருகிறாள், ஆகவே இந்த இடத்துக்கு அது உதவாது.

எதிர்ச்சொல்லான இன்ஃபிடெலிட்டிக்கு நம் செய்தித்தாள்களிடம் ‘கள்ளக்காதல்’ தயாராக இருக்கிறது. செய்தி சொல்லும்போதே தீர்ப்பையும் சொல்லிவிடுகிற சொல். நான் ‘மணவாழ்வில் உண்மையாக இல்லாமை’ என்று எழுதுவேன், நீளம்தான், பரவாயில்லை. சட்டத்தில் இன்ஃபிடெலிட்டி என்று தேடினால் கிடைக்காது. அங்கே அடல்டரி. அதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி விவாகரத்து கேட்க அது இன்றும் ஒரு காரணம்.

அப்படியானால் தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, நாமே மறந்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும்போது முடிவில் என்ன போட்டீர்கள்? ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.’ ஆங்கிலக் கடிதத்தின் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’தான் அது. முன்னோர் அங்கே விசுவாசமுள்ள என்று எழுதவில்லை, உண்மையுள்ள என்று எழுதினார்கள். தமிழ் பைபிளிலும், எஜமான் கொடுத்துவிட்டுப் போன பணத்தை ஒழுங்காகப் பெருக்கிக் கணக்குக் காட்டியவன் உண்மையுள்ள ஊழியக்காரன்தான். பணம், கணக்கு, ஊழியர், மூன்றும் அங்கே இருப்பதைக் கவனித்தீர்களா? உங்கள் நோட்டீஸ் விவகாரம் அப்படியே இருக்கிறது. விசுவாசம் என்ற சொல்லை இறைநம்பிக்கைக்கு வைத்துக்கொண்டு, கணக்கு விஷயத்துக்கு உண்மை என்று போட்டிருக்கிறார்கள். ‘அவர் வேலைக்கு உண்மையா இருப்பார்’ என்று வீட்டில் இன்றைக்கும் சொல்கிறோமே, அதே உண்மை.

பதவியேற்பு விழாக்களில் கேட்டிருப்பீர்கள்: அரசமைப்பின்பால் ‘உண்மையான நம்பிக்கையும் மாறாப் பற்றும்’ கொண்டிருப்பேன் என்று. ஆங்கிலத்தில் அங்கே இருப்பது ஃபெய்த், அலீஜன்ஸ். மாறாப் பற்று நல்ல சொல்தான், மேடைக்குப் பொருத்தம். வசூல் பையனுக்குச் சரிப்படாது.

ஆக, இந்தச் சொல் எதிரே வந்தால் அகராதியைத் திறப்பதற்கு முன் ‘எதிலிருந்து விலகாமல்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாக்கிலிருந்து என்றால் வாக்குத் தவறாமை. மூலத்திலிருந்து என்றால் மூலம் வழுவாமை. ஒலியில், படத்தில் உள்ளது உள்ளபடி. ஆளிடத்தில் என்றால் உண்மையாக இருத்தல். பாலிசியில் என்றால் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் வைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் உங்கள் ஊழியர்கள் பின்னால் ஒரு தாளில் அந்தப் பெயரைப் பார்த்தால் இதுதான் அது என்று அடையாளம் தெரிய வேண்டும். ‘பணியாளர் நாணயக் காப்பீடு’ என்றுகூட எனக்குத் தோன்றியது. நாணயம் காசும் ஆகும், நேர்மையும் ஆகும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அண்ணன் ‘என் நாணயத்துக்குக் கேரண்டியா?’ என்று திரும்ப வந்து நிற்பார். வேண்டாம்.

நோட்டீஸை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘நமது நிறுவனம் ஃபிடெலிட்டி கேரண்டி என்ற காப்பீட்டை எடுத்துள்ளது. பணம் கையாளும் பொறுப்பில் உள்ள எவரேனும் கையாடல் செய்து நிறுவனத்துக்கு இழப்பு நேர்ந்தால், அந்த இழப்பைக் காப்பீட்டு நிறுவனம் நமது நிறுவனத்துக்கு ஈடு செய்யும். இது தனிப்பட்ட யாரையும் மனதில் வைத்து எடுத்தது இல்லை. வசூல் பணியாளர் முதல் கிளை மேலாளர் வரை பணம் கையாளும் எல்லோரும் இதில் அடங்குவர். பிரீமியத்தை நிறுவனமே செலுத்துகிறது. யாருடைய சம்பளத்திலும் பிடித்தம் இல்லை. சந்தேகம் இருந்தால் நிர்வாகப் பிரிவில் கேட்கலாம்.’

கடைசி இரண்டு விஷயங்கள், அதாவது மேலாளர் வரை அடங்குவதும் பிடித்தம் இல்லாததும், உங்கள் பாலிசியில் அப்படித்தானா என்று கேட்டு உறுதி செய்த பிறகு எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் இணைத்து எடுக்கிற பாலிசியும் உண்டு, எல்லோரையும் மொத்தமாகச் சேர்த்து எடுப்பதும் உண்டு. கையாடல் என்ற சொல் கடுமையாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். சட்டமே அதற்கு நம்பிக்கை மோசடி என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு. கெடுதலை நேராகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், செய்யாதவருக்கு அது உறைக்காது. குணத்தைச் சொல்லி அதற்குக் கேரண்டி என்றால்தான் எல்லோருக்கும் உறைக்கும். உங்கள் அலுவலகத்தில் நடந்தது அதுதான்.

புது நோட்டீஸை ஒட்டுவதற்கு முன்னால் அந்த அண்ணனிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ‘சரியா இருக்காண்ணா?’ என்று கேட்டால் போதும். இருபது வருடம் நோட்டு எண்ணியவர், வார்த்தையில் கள்ளநோட்டு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

பின்குறிப்புக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் ஃபிடெலிட்டி போடாதீர்கள். தனக்கே ஃபிடெலிட்டி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. எதற்கு என்று சேர்க்காமல் அந்தச் சொல் தனியாக நிற்கவும் நிற்காது. படிக்கிறவருக்குக் கணவன் மனைவி விவகாரமோ ஸ்பீக்கரோதான் நினைவுக்கு வரும். இன்டெக்ரிட்டி என்று போடலாம், பலர் போடுகிறார்கள். எல்லோரும் போடுவதால் யாரும் அதைப் படிப்பதில்லை. நீங்கள் எத்தனை வருடம் எத்தனை கிளைகளின் கணக்கைப் பார்த்தீர்கள், தணிக்கையில் உங்கள் பேரில் குறிப்பு ஏதும் வந்ததா இல்லையா என்று ஒரே வரியில் எழுதுங்கள். வந்திருந்தால் அந்த வரி வேண்டாம்.